நீக்கப்பட்ட வாக்கியங்களின் பட்டியல்

கண்ணாடிக்காரருக்கு உட்கார வரவில்லை. ஆய்வுப் பிரிவில் மூன்று நாற்காலிகள் சும்மாதான் கிடந்தன. ஒன்றில் உட்கார்ந்தார், எழுந்தார், அடுத்ததில் உட்கார்ந்தார், அதிலிருந்தும் எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே சைக்கிள் நிறுத்தம் ஒன்றைத் தவிரப் பார்க்க எதுவுமில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்தார்.

“ஒரு இடத்துல நில்லுங்க. எனக்குத் தலை சுத்துது,” என்றார் சூப்பரின்டெண்ட் அம்மா, ஃபைலிலிருந்து முகத்தை எடுக்காமல்.

“முப்பதாம் தேதிக்குள்ள சர்டிபிகேட் வேணும் மேடம்.”

“இன்னைக்கு இருபத்திரண்டு. எட்டு நாள் இருக்கு. எட்டு நாள்ல ஒரு உலகத்தையே படைச்சுட்டு மிச்சத்துக்கு ஓய்வும் எடுக்கலாம்.”

“படைச்சவர் ஆய்வுப் பிரிவு வழியா வரலையே மேடம்.”

அந்த அம்மா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி குனிந்துகொண்டார்.

விஷயம் இதுதான். பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், மாலையில் வரலாறு படிக்கிறவர் என்பதால் பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மனைவிக்கு வேறு ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. மகளுக்கு நாலு வயது முடியப் போகிறது. அவர் அவளைக் கடைசியாக நேரில் பார்த்துப் பதினாலு மாதம். அந்த ஊர்க் கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் இடம் காலியாகி, அதற்கு அவரைத் தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். முப்பதாம் தேதி மாலைக்குள் முனைவர் பட்டச் சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு வேலை. இவருக்கு மறுபடி லென்ஸ், மறுபடி செல்போனில் குடும்பம்.

ஆய்வு என்னவோ நானூறு வருஷத்துக்கு முந்தியது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன ஒரு லத்தீன் புத்தகத்தை, “திருத்தும்வரை யாரும் படிக்கக் கூடாது” என்று திருச்சபை நிறுத்தி வைத்தது. நாலு வருஷம் கழித்துத் திருத்தப் பட்டியல் வந்தது. இன்னின்ன வரிகளை அடிக்கவும், இன்னின்ன இடத்தில் “சுற்றுகிறது” என்றிருப்பதை “சுற்றுவதாக வைத்துக்கொள்ளலாம்” என்கிற மாதிரி ஆக்கவும் என்று உத்தரவு. புத்தகம் வைத்திருந்தவர்கள் தாங்களே பேனாவை எடுத்து அடித்தார்கள். சிலர் அடியிலிருக்கும் எழுத்தே தெரியாதபடி மையைக் கொட்டி மெழுகினார்கள். சிலர் தலைமுடி போல ஒரு கோடு இழுத்தார்கள். அடித்த மாதிரியும் ஆச்சு, படிக்கிற மாதிரியும் ஆச்சு. பல ஊர்களில் அடிக்கவே இல்லை. அந்தப் பக்கங்களின் படங்களைச் சட்டைப் பையிலிருக்கும் பூதக்கண்ணாடியால் ஆறு வருஷம் பார்த்ததுதான் கண்ணாடிக்காரரின் ஆராய்ச்சி. எந்தக் கோடு பயந்து போட்டது, எந்தக் கோடு சிரித்துக்கொண்டே போட்டது என்று அவரால் சொல்லிவிட முடியும்.

இப்போது அவருடைய ஆய்வேட்டை ‘அறிவியல் மனப்பான்மைக் காப்புக் குழு’ பிடித்து வைத்திருந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் அறிவியலுக்கு ஏக மரியாதை. பெரிய மண்டபத்தில் நிறுவனரின் மார்பளவுச் சிலை. அதன் கீழே பளிங்கில், “எதையும் கேள்வி கேட்காமல் ஏற்காதே.” அதற்கும் கீழே தகரப் பலகையில், “மேற்படி வாசகத்தைக் கேள்வி கேட்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.” சிலைக்கு யாரும் முதுகைக் காட்டக் கூடாது என்பதால் மண்டபத்திலிருந்து எல்லாரும் பின்னோக்கி நடந்தே வெளியேறினார்கள். வாசல்படியில் வருஷத்துக்கு இரண்டு பேருக்குக் கால் பிசகியது. அதற்கென்று ஒரு கட்டுப் போடும் அறையும், அந்த அறைக்கு ஒரு பொறுப்புப் பேராசிரியரும் இருந்தார்கள்.

தினமும் பத்தரை மணிக்கு உறுதிமொழி. மேடையிலிருந்து ஒருவர் விதிப் புத்தகத்தின்மேல் கைவைத்து ஒரு வரி வாசிப்பார். கூட்டம் முழுவதும் வலது கையை நீட்டி அதைத் திருப்பிச் சொல்லும். மாணவர்களுக்கு அது எலும்பில் ஊறிப்போயிருந்தது. மேடையில் யாராவது “மின்விசிறியைப் போடுங்க” என்றால்கூட இருநூறு கை நீண்டு, “மின்விசிறியைப் போடுங்க” என்று வந்துவிடும்.

அன்று மதியமே அவரைக் குழுவின் முன்னால் கூப்பிட்டார்கள். குழுவில் மூன்று பேர். தலைவர், மீசை, தூங்குகிறவர். மீசைக்கு வேதியியல், தூங்குகிறவருக்கு எந்தத் துறை என்று துறைக்கே மறந்துவிட்டது. கண்ணாடிக்காரரின் வழிகாட்டிப் பேராசிரியர் ஓரமாக, வரப்போவது எதுவானாலும் தலையாட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“உங்க ஆராய்ச்சி பிரமாதம்னு கேள்விப்பட்டேன்,” என்றார் தலைவர்.

“படிச்சீங்களா சார்?”

“படிக்கிறது எங்க வேலை இல்ல தம்பி. நாங்க பரிசீலிக்கிறவங்க. படிச்சுட்டா ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சுடுவோம். படிக்காதவனாலதான் கடைசி வரைக்கும் நடுநிலையா நிக்க முடியும்.”

வழிகாட்டி தலையாட்டினார்.

“அப்புறம் எதை ஆட்சேபிக்கிறீங்க சார்?”

“கம்ப்யூட்டர்ல ‘பேராசிரியர்’ங்கிற வார்த்தையைத் தேடுவோம். நன்றியுரையில வந்தா பச்சை. வேற எங்க வந்தாலும் சிவப்பு. உங்களுது பதினோரு இடத்துல சிவப்பு. முதல் சிவப்பு பக்கம் நூத்திப் பதினேழு. நீங்களே வாசிங்க.”

கண்ணாடிக்காரர் வாசித்தார். “தொலைநோக்கி வழியே பார்க்கவே மறுத்தவர்கள் என்று பெயரோடு தெரியவருபவர்கள் மதகுருமார்கள் அல்லர், பல்கலைக்கழகப் பேராசிரியர்கள்.”

தூங்குகிறவர் ஒரு கண்ணைத் திறந்து மூடினார்.

“இதுல குருமாரையும் பேராசிரியரையும் இடம் மாத்திப் போட்டுடுங்க,” என்றார் தலைவர். “வேலை முடிஞ்சுது.”

“அது உண்மை இல்லையே சார்.”

“நானூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. யார் வந்து கேக்கப் போறாங்க? குருமாரைச் சொன்னா படிக்கிறவனுக்கு ஒரு தெளிவு இருக்கும். அந்தப் பக்கம் இருட்டு, இந்தப் பக்கம் வெளிச்சம். நீங்க நடுவுல பூந்து சுவிட்சுல கை வைக்கிறீங்க.”

மீசை குனிந்து கேட்டார். “எதுக்காகப் பாக்க மாட்டேன்னாங்களாம்?”

“ஒருத்தர், அந்தக் கண்ணாடி வழியா பாத்தா தலைவலி வருதுன்னு சொன்னாராம் சார்.”

“நியாயம்தானே. எனக்கும் இந்தப் பொடி எழுத்தைப் பாத்தா வருது,” என்று மீசை ஆய்வேட்டை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டார்.

குழு நாலு தீர்மானம் போட்டது. ஒன்று, ஆய்வில் மதம் வருவதால் ஒரு மதகுருவிடம் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்க வேண்டும். இரண்டு, பூமி சூரியனைச் சுற்றுவதாக ஆய்வு நெடுக எடுத்துக்கொள்ளப்பட்டிருப்பதால், அதற்கு உரிய துறையின் சான்று இணைக்க வேண்டும். மூன்று, இந்த ஃபைலில் குழு நேரில் உறுதி செய்யாத எந்தச் செய்தியும் கருதுகோளாகவே எழுதப்பட வேண்டும். நாலு, சிவப்பு வாக்கியங்களை மாற்ற வேண்டும், அல்லது அடிக்க வேண்டும்.

“சார், நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்,” என்றார் கண்ணாடிக்காரர், படியில் இறங்கும்போது.

“அதான் தலையாட்டினேனே,” என்றார் வழிகாட்டி. “உத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். உள்ளுக்குள்ள வேற மாதிரி ஆட்டினேன்.”

மறுநாளே கண்ணாடிக்காரர் கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு மதகுருவிடம் ஓடினார். அங்கேதான் வம்பு வரும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு போயிருந்தார். மதகுரு பிரார்த்தனைக் கூடத்தில் பெஞ்சுகளைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, நின்றவாக்கில் நாற்பது பக்கம் படித்தார். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தார்.

“எங்க ஆளுங்க பண்ணின கூத்து ஊருக்கே தெரியும். மறைச்சு என்ன ஆகப்போகுது? உங்க ஆளுங்களும் இதுல இருக்காங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது,” என்று கையெழுத்துப் போட்டார். “எதுக்கும் பத்திரமா இருங்க. நாங்களாவது படிச்சுட்டுத் தடை பண்ணினோம்.”

வானியல் துறையில் மூன்று நாள் போயிற்று. துறைத் தலைவர் நல்லவர், பயந்தவர்.

“சுத்துதுதான், எனக்குத் தெரியாதா? வாயால நூறு தடவை சொல்றேன். எழுத்துல கேக்குறீங்களே.”

“பாடப் புத்தகத்துல எழுத்துலதானே சார் இருக்கு?”

“அது மாணவங்களுக்கு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா கையெழுத்துப் போட்டவன் நான்ல?”

கடைசியில் ஒரு சான்று வந்தது. ‘நடைமுறையிலுள்ள பாடத்திட்டத்தின்படி, தேர்வு நோக்கத்துக்காக மட்டும், பூமி சூரியனைச் சுற்றி வருகிறது.’ கீழே முத்திரை. ஆறு மாதம் செல்லும். அதற்குப் பிறகு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் பூமி சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும், புதுப்பிக்கச் சௌகரியம்தான்.

இருபத்தேழாம் தேதி மதியம் மாடிப்படியில் நின்றுகொண்டு மனைவிக்குப் போன் போட்டார். நின்றுகொண்டு என்பது பேச்சுக்கு. நாலு படி ஏறினார், நாலு படி இறங்கினார்.

“ஏங்க மூச்சு வாங்குது? ஓடுறீங்களா?”

“இல்ல. அந்த வரியை மாத்தணுமாம். இல்லாட்டி அடிக்கணுமாம்.”

“ஒரு வரிதானே?”

“பதினோரு இடத்துல.”

“பதினோரு இடத்துலயும் அதே வரியா?”

“கொஞ்சம் மாத்தி மாத்தி.”

“எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்தத் தெரியாதே உங்களுக்கு. கல்யாணத்தப்பவே பாத்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. “ஆறு வருஷமா அடுத்தவன் போட்ட கோட்டைப் பாத்துட்டிருந்தேன். இப்ப என் கையாலேயே போடணுமா?”

அந்தப் பக்கம் சோதனைக் குழாய்களை அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

“உங்க ஆளு, தொலைநோக்கி வெச்சிருந்த அந்தக் கிழவர், மண்டி போட்டு நான் சொன்னது தப்புன்னு சொன்னாருன்னீங்களே?”

“ஆமா. சொல்ல வெச்சாங்க.”

“அப்புறம் என்ன பண்ணினாரு?”

“வீட்டுக் காவல்ல வெச்சாங்க. அங்க உக்காந்து இன்னொரு புத்தகம் எழுதினாரு.”

“வீட்டுக்குப் போனாருல்ல?”

கண்ணாடிக்காரர் படியில் நின்றுவிட்டார்.

“நேத்து பாப்பா என்கிட்ட ஒண்ணு கேட்டா,” என்றாள் அவள். “அப்பாவுக்குக் காலு இருக்கான்னு. போன்ல முகம் மட்டும்தானே தெரியுது. இருக்குன்னு சொன்னேன். நம்பலை. நீங்க அடிக்கிறதை அடிச்சுட்டு வந்து சேருங்க.”

மறுநாள் அவர் ஆய்வுப் பிரிவுக்குப் போய், மாற்ற மாட்டேன், அடிக்கிறேன் என்றார். குருமார்களைப் போட்டு ஒரு பொய்யை எழுதுவதற்குக் கை வராது. இருந்ததை அடிப்பதற்கு வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டுப் புதிதாக அச்சடித்து வரவா என்று கேட்டார்.

“புதுசா அச்சடிச்சா அது புது ஆய்வேடு,” என்றார் சூப்பரின்டெண்ட் அம்மா. “முதல்லேருந்து வரணும். ரெண்டு வருஷம் ஆகும். இதுலேயே கையால அடிங்க.”

கண்ணாடிக்காரர் பையிலிருந்து தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்தார். அடிப்பது என்று ஆன பிறகு, தெரியாமலே போகட்டும் என்ற கோபம். அந்த அம்மா மேஜைக்கு மேலாக எட்டி அதைப் பிடுங்கினார்.

“ரோட்டுக்குத் தார் போடுறீங்களா? விதி நாப்பத்தொண்ணு. நீல மை, ஸ்கேல் வெச்சு மெல்லிசா ஒரே கோடு. அடிச்சது படிக்கிற மாதிரி இருக்கணும். படிக்க முடியலைன்னா, ஆடிட்ல வந்து நீங்க எதை அடிச்சீங்கன்னு நாங்க எப்படி நம்புறதும்பாங்க. ஓரத்துல கையெழுத்து. அப்புறம் நீக்கப்பட்ட வாக்கியங்களின் பட்டியல்னு ஒண்ணு தனியா டைப் பண்ணி முன்னாடி வெக்கணும்.”

“எவ்வளவு முன்னாடி மேடம்?”

“முதல் பக்கம். நன்றியுரைக்கும் முன்னாடி. வாய்மொழித் தேர்வன்னைக்குத் தலைவர் அதைச் சபையில வாசிச்சு, இதெல்லாம் நீக்கப்பட்டதுன்னு உறுதி செய்யணும்.”

அவர் அந்த முகத்தில் ஏதாவது குறும்பு தெரிகிறதா என்று தேடினார். ஒன்றும் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் குறும்பை எந்த டிராயரில் வைத்துப் பூட்டுவது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். ஸ்கேலை அவரே எடுத்துக் கொடுத்தார்.

பதினோரு கோடு. முதல் கோட்டில் கை நடுங்கி நெளிந்துவிட்டது. நானூறு வருஷம் கழித்து எவனாவது பூதக்கண்ணாடியோடு வந்தால், இவன் பயந்து போட்டிருக்கிறான் என்று எழுதிவிடுவானே என்று நினைத்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. மீதிப் பத்தையும் மூச்சைப் பிடித்து, லென்ஸ் விளிம்பு தேய்க்கிற கவனத்தோடு, தலைமுடி போல இழுத்தார்.

இருபத்தொன்பதாம் தேதி வாய்மொழித் தேர்வு. வருகைப் பதிவு உண்டு என்று சொல்லி இருநூறு மாணவர்களை மண்டபத்தில் அடைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் சிலையைப் பார்த்தபடி, செருப்புக் கால் தாளம் போட, நாற்காலி நுனியில் இருந்தார்.

தலைவர் எழுந்து விதிப் புத்தகத்தின்மேல் ஒரு கையை வைத்தார். மறு கையில் பட்டியல்.

“நீக்கப்பட்ட வாக்கியம் ஒன்று,” என்று ஆரம்பித்தார். “தொலைநோக்கி வழியே பார்க்கவே மறுத்தவர்கள் என்று பெயரோடு தெரியவருபவர்கள் மதகுருமார்கள் அல்லர், பல்கலைக்கழகப் பேராசிரியர்கள்.”

இருநூறு வலது கைகள் நீண்டன. இருநூறு தொண்டைகள் அதை அப்படியே திருப்பிச் சொன்னன.

தலைவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். நிறுத்த வழியில்லை. சிலைக்கு முன்னால் தொடங்கிய வாசிப்பை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது விதி ஏழு. அதை எழுதியவரும் அவர்தான். இரண்டாவதை முணுமுணுத்துப் பார்த்தார். கூட்டம் முணுமுணுத்தது. மூன்றாவதை வேகமாக ஓட்டினார். கூட்டமும் ஓடியது. ஆறாவதற்கு வரும்போது மாணவர்களுக்கு என்ன சொல்கிறோம் என்று புரிந்துவிட்டது, குரல் ஏறியது. எட்டாவதில் ‘மதகுருமார்கள்’ என்று அவர் எடுத்துக் கொடுத்ததும் மீதியை அவர்களே முடித்தார்கள். பதினோராவது வாக்கியத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வழிகாட்டிப் பேராசிரியரும் கையை நீட்டியிருந்தார். வழக்கம்தானே என்று பிறகு விளக்கம் எழுதிக் கொடுத்தார்.

சத்தத்தில் தூங்குகிறவர் முழுசாக விழித்துக்கொண்டார்.

“நல்லா இருக்கே. யார் எழுதினது? அந்த நூத்திப் பதினேழாம் பக்கத்தைக் காட்டுங்க, பாப்போம்.”

தலைவர் ஆய்வேட்டின்மேல் இரண்டு கையையும் வைத்து மூடினார்.

“பாக்க வேண்டியதில்ல.”

மைக் அணைக்கப்படாமல் இருந்தது. இந்த முறை யாரும் கை நீட்டவில்லை. திருப்பிச் சொல்லவும் இல்லை. இருநூறு பேரும் சும்மா அவரைப் பார்த்தார்கள். தலைவர், தேர்ச்சி, கூட்டம் கலையலாம் என்று அறிவித்துவிட்டுப் பின்னோக்கி நடக்கத் தொடங்கினார். வாசல்படியை மறந்துவிட்டார். கட்டுப் போடும் அறையில் அன்று பொறுப்புப் பேராசிரியர் லீவு.

ஐந்து மணிக்குச் சூப்பரின்டெண்ட் அம்மா சான்றிதழை நீட்டினார். கண்ணாடிக்காரர் படித்தார். மறுபடி, பூதக்கண்ணாடியை எடுத்துப் படித்தார். ‘இவர் இப்பல்கலைக்கழகத்தின் முனைவர் எனக் கருதப்படலாம்.’

“மேடம், இது என்ன?”

“தீர்மானம் மூணு. குழு நேரில் உறுதி செய்யாதது எல்லாம் கருதுகோள். அவங்க உங்க ஆய்வேட்டைப் படிக்கல, அப்ப நீங்க முனைவர்னு எப்படி உறுதியாச் சொல்றது? சர்டிபிகேட்டுக்கும் அதே ஃபைல் நம்பர்தான்.”

“திருத்த முடியாதா?”

“குழு கூடணும். அடுத்த கூட்டம் நாலு மாசம் கழிச்சு. தலைவருக்குக் கால் சரியானா.” அந்த அம்மா அவருடைய பையைப் பார்த்தார். “பஸ் எத்தனை மணிக்கு?”

“ஆறு.”

“அப்ப இங்க என்ன நின்னுட்டிருக்கீங்க?”

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்குக் கல்லூரி முதல்வரின் மேஜைக்கு முன்னால் நின்றார். முதல்வர் சான்றிதழை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். கண்ணாடிக்காரரின் கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

“கருதப்படலாம்னு போட்டிருக்கே.”

“ஆமா சார்.”

முதல்வர் சுவரில் தன் பெயர்ப் பலகையைக் காட்டினார். முதல்வர் (பொறுப்பு) என்றிருந்தது. “ஒன்பது வருஷமா நான் அடைப்புக்குறிக்குள்ளதான் இருக்கேன். நீங்க திங்கக்கிழமை வந்து சேருங்க. மாணவங்களும் பாஸாகிற வரைக்கும் அப்படித்தான்.”

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மனைவி அவர் கையிலிருந்த ஆய்வேட்டை வாங்கி, நின்ற இடத்திலேயே பிரித்தாள். முதல் பக்கத்தைப் படித்தாள். வேறு பக்கத்தைப் புரட்டவில்லை.

“இதை அடிக்கச் சொன்னாங்களா?”

“ஆமா.”

“அடிக்காம இருந்திருந்தா நான் நூத்திப் பதினேழாம் பக்கம் வரைக்கும் வந்திருக்கவே மாட்டேன்,” என்றாள். சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் பின்னாலிருந்து ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. முகத்தைப் பார்த்தது, சட்டையைப் பார்த்தது, கால் வரைக்கும் கண்ணை இறக்கி அங்கேயே நிறுத்திக்கொண்டது.

“பாப்பா, இதான்மா அப்பா,” என்றாள் தாய்.

குழந்தை நம்பவில்லை. கண்ணாடிக்காரர் மண்டியிட்டார். எட்டு நாளாக நிற்காத கால் அப்போதுதான் நின்றது.

“நான்தான் அப்பா,” என்றார்.

குழந்தை அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிக்கொண்டிருந்த பூதக்கண்ணாடியை உருவி எடுத்தது. இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டது.

“இருங்க,” என்றது. “பாத்துட்டுச் சொல்றேன்.”